தடைக்கால விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

பாம்பன் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் மூன்றாம் வகுப்பும் மகன் ஏழாம் வகுப்பும் முடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வீட்டில் வரும்படி கிடையாது. போன வருஷம் பள்ளி திறந்தபோது மகளுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது, வாசிப்பும் தடுமாறியது. மகனோ மாமாவோடு வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், போகிறேன் என்று நிற்கிறான். வட்டிக்கு வாங்கியாவது இரண்டு பேரையும் டியூஷனில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி வருகிறது: "நானே எட்டாவதுதான்." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவ்வளவே படித்த என்னால் இதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். மகள் விஷயத்தில் தாராளமாக முடியும். மகன் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கரையோரப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கும் நடுநிலை வகுப்புகளுக்கும் பல காலம் பாடம் எடுத்தவன் நான். தடைக்காலத்தையும் முழுஆண்டு விடுமுறையையும் ஒன்றாகவே பார்த்துப் பழகியவன். அந்த அனுபவத்தோடு, இதைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் எழுதியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் கழித்தலை மறந்தாளா, அல்லது அது முதலிலேயே பிடிபடவில்லையா? வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், மருந்து மட்டும் வேறு. 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன் நினைவாற்றலைத் தானே சோதித்து ஒரு நூல் எழுதினார். அடியோடு மறந்துவிட்டதாகத் தோன்றும் விஷயத்தையும் மறுபடி படிக்கும்போது, முதல் தடவை ஆன நேரத்தைவிடக் குறைவான நேரமே ஆகிறது என்பது அவர் அளந்து காட்டியவற்றில் ஒன்று. ஆகவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் "ஆமா, இது தெரியும்" என்று அவளே போட்டாள் என்றால் மறந்திருக்கிறாள், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வாரம் காட்டியும் நிற்கவில்லை என்றால் அது விடுமுறையின் குற்றமே இல்லை. அந்தப் பாடம் அவளுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது, அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஜூனில் என் வகுப்புக்கு "மறந்துவிட்டது" என்று சொல்லி வந்த பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாவது வகையாகவே இருந்தார்கள்.

விடுமுறையில் மறதி எவ்வளவு? இதை எண்களில் சொல்கிற ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்றார்கள். அதிலும் அதிகம் போவது கணக்குப் போடுவதும் எழுத்துக்கூட்டலும். வாசிப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவாக இழக்கவில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகள் இழந்தார்கள். பின்னால் வந்த பால் வான் ஹிப்பெல் போன்றவர்கள், அந்தப் பழைய அளவுகளில் ஒரு பகுதி தேர்வுகள் அமைக்கப்பட்ட விதத்தால் வந்திருக்கலாம் என்று கேள்வி எழுப்பினார்கள். தவிர, அங்கே கோடை விடுமுறை நம்முடையதைவிட நீளம், அங்கே பேசும் மொழியும் பள்ளி மொழியும் நம்முடையவை அல்ல. எனவே "ஒரு மாதம்" என்ற எண்ணை அப்படியே நம் பிள்ளைகள் தலையில் ஏற்றக்கூடாது. ஆனால் எது முதலில் போகிறது என்ற வரிசை நான் வகுப்பில் கண்டதோடு ஒத்துப்போகிறது. கதை மறக்காது, பாட்டு மறக்காது. வாய்ப்பாடும், கடன் வாங்கிக் கழிப்பதும், றகரமா ரகரமா என்பதும்தான் முதலில் போகும். படிப்படியாகக் கைப்பழக்கத்தால் வருகிறவை எல்லாம் பழக்கம் நின்றதும் நழுவும்.

ஆகவே விடுமுறையில் புதுப்பாடம் எதுவும் வேண்டாம். அடுத்த வகுப்புப் புத்தகத்தை இரவல் வாங்கி ஆரம்பிக்கவும் வேண்டாம். முடித்த வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், இந்த ஆறு வாரத்துக்கு அவைதான் முதல்.

கழித்தலை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27 போக எவ்வளவு என்று கேளுங்கள். 35 என்று எழுதினாள் என்றால், ஐந்தில் இரண்டு போக மூன்று, ஏழில் இரண்டு போக ஐந்து என்று, மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். மிகச் சாதாரணமாக வரும் பிழை இது. திட்டாதீர்கள், எண்ணைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பார்க்க இன்னும் பழகவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று சொல்லுங்கள். ஏழு ரூபாய் சில்லறை அவளிடம் இல்லை. ஒரு பத்தை உங்களிடம் கொடுத்துச் சில்லறை மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது நான்கு பத்து, பன்னிரண்டு ஒன்று. அதில் 27 கொடுத்தபின் மீதி 25. தாள் இல்லையென்றால் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி போதும். கையால் செய்து முடித்த அடுத்த நிமிடமே அதை நோட்டில் எழுத வைக்க வேண்டும். ஐந்தை அடித்து நான்கு, பக்கத்தில் பன்னிரண்டு. கை செய்ததும் பென்சில் எழுதுவதும் ஒன்றுதான் என்று அவள் பார்க்க வேண்டும். பல பேர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் பெரிய ஏமாற்றம். மீன் கூறு வைக்கிற இடத்தில் நிற்கிற பிள்ளை, கிலோ 240 என்றால் முக்கால் கிலோ 180 என்று கண்மூடித் திறக்குமுன் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு "கணக்கெல்லாம் அவனுக்கு வரும், பள்ளிக்கூடத்தில்தான் சரியாகச் சொல்லித் தருவதில்லை" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1985இல் பிரேசிலின் கடலோர நகரமான ரெசிஃபியில், தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். விற்கிற இடத்தில் சரியாகப் போட்ட அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதையே கண்டது. வாடிக்கையாளரிடம் பல பொருள்களின் விலையைக் கூட்டிச் சரியாக மீதி கொடுத்தவர்களுக்கு எளிய பாடப்புத்தகக் கணக்கு வரவில்லை. மறுபக்கம், பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு ஓடவில்லை. ஒரு பக்கம் கற்றது தானாக மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை என்று இதற்கு அர்த்தம். கரையில் விளையாட விட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். கரையில் சொன்ன கணக்கை அன்று சாயங்காலமே தாளில் எழுத வைத்தால்தான் அது பரீட்சைக்கு உதவும். அதற்கு ஆசிரியர் தேவையில்லை, அந்த விலைகளை அறிந்த ஒருவர் போதும். அது நீங்கள்தான்.

வாசிப்புக்கு வருவோம். முதலில் அவளுக்கு எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கும். புத்தகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் வைத்துக் கேளுங்கள். கெ, கே, கொ, கோ வரிசையிலும், ண ந ன மூன்றிலும் பெரும்பாலும் இடிக்கும். எங்கே இடிக்கிறதோ அந்த எழுத்துகள் வரும் சொற்களை மட்டும் நாளைக்கு ஐந்தாக எழுதிப் படிக்கட்டும். அடுத்து, முடித்த வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தட்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவளுக்குக் கடினம், இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். இறங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. தட்டாமல் வாசிக்கும் சுகம் கிடைத்தால்தான் பிள்ளை அடுத்த பக்கத்தைத் தானே திருப்பும்.

நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. வலை கட்டிக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ கேட்கலாம். வாசித்து முடித்ததும், "சரி, என்ன நடந்துச்சு சொல்லு" என்று கேளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் அதிக நாள் நிற்கிறது என்பது பலமுறை சோதித்து உறுதியான விஷயம். வீட்டில் வாசிக்கத் தெரியாத அப்பத்தா இருந்தால் இன்னும் நல்லது. தெரியாதவருக்குக் கதை சொல்லும்போது பிள்ளை ஒன்றையும் விடாமல் சொல்லும்.

படிக்க என்ன கொடுப்பது என்பதற்குப் பணம் தேவைப்படாது. வாசிப்பு இயக்கத்தில் அரசு கொடுத்த சிறு நூல்கள் பள்ளியில் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருப்பதால் எந்தப் புத்தகம் அவளுக்கு ஏற்றது என்று எளிதில் தெரிந்துவிடும். ஊஞ்சல், தேன்சிட்டு பழைய இதழ்களும் கிடைக்கும். விடுமுறை விடும் நாளில் ஆசிரியரிடம் பத்துப் பன்னிரண்டு புத்தகம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, ஒவ்வொரு கோடைக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னேறியிருந்தது என்று 2010இல் எழுதினார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் செலவையும் பாருங்கள். புத்தகமே இல்லாத நாளில் படகில் எழுதியிருக்கும் பெயர், பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு எதையும் வாசிக்கலாம்.

நேரம் எவ்வளவு? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்பு ஒரு கால் மணி, கணக்கு ஒரு கால் மணி. அதற்கு மேல் வேண்டாம். காலையில் வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு விளையாட விடுங்கள். கடைசி வாரத்தில் நாளைக்கு மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினம் அரை மணி பரவலாகச் செய்வதில் பலன் அதிகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் அம்மாச்சி வீட்டுக்குப் பத்து நாள் போகிறார்களா, போகட்டும், நோட்டைக் கூட அனுப்ப வேண்டாம். திரும்பி வந்ததும் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால் போதும். நம் பிள்ளைகளுக்கு நீந்துவதும் நண்டு பிடிப்பதும் வெறும் பொழுதுபோக்கு கிடையாது. வடகடலில் என்ன காற்று, தென்கடலில் என்ன காற்று என்று பார்த்துச் சொல்லும் பிள்ளை எதையோ கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன, சில நன்றாகவே இருக்கும். ஆனால் பார்ப்பதால் மட்டும் கணக்கு வராது. ஒரு பாடம் பார்த்தால், போனை வாங்கி வைத்துவிட்டு, அதில் வந்த ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். அதைச் செய்ய உங்களுக்கு நேரமில்லாத நாளில் போனே வேண்டாம்.

இப்போது மகன். ஏழு முடித்தவனுக்கு மறதியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: கையில் காசு பார்ப்பது. தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்பதால் நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறும். அந்த நேரத்தில் ஒரு பங்கு கையில் வந்துவிட்டால், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடம் சின்னதாகத் தெரியத் தொடங்கும். விடுமுறைக்கு என்று போனவன் ஜூன் மாதம் திரும்பி வராமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அதனால் தொழில் தெரிந்துகொள்ளவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அது அவன் குடும்பத்துத் தொழில். வலை கட்டட்டும், இறங்குதுறையில் மாமாவுக்கு ஒத்தாசை செய்யட்டும். 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016 திருத்தத்தில் ஒரு விலக்கு உண்டு. கடலுக்குள் போவதை ஆபத்தில்லாத வேலை என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே ஆள்கணக்கில் அவனைச் சேர்க்க வேண்டாம், அவன் பேருக்குப் பங்கும் பிரிக்க வேண்டாம் என்று உங்கள் அண்ணனிடமோ தம்பியிடமோ நீங்களே பேசிவிடுங்கள். பையனிடம் சொல்வதைவிட அவரிடம் சொல்வதுதான் பலிக்கும்.

அதற்குப் பதிலாக அவனை வல்லத்தின் கணக்கப்பிள்ளை ஆக்குங்கள். தினமும் ஒரு பக்கம்: தேதி, காற்று, டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, என்ன மீன் எத்தனை கிலோ, என்ன விலை. செலவு போக மீதியை வல்லத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று உங்கள் ஊர் வழக்கப்படி பிரித்து எழுதட்டும். பின்னமும் விகிதமும் அதிலேயே இருக்கின்றன. செலவு வரவை மிஞ்சிய நாளில் கழித்தல் குறி போட்டு எழுத வேண்டியிருக்கும். அதுதான் ஏழாம் வகுப்பில் படித்த முழுக்கள். பத்து நாள் விலையை வைத்துச் சராசரி, இடைநிலை எடுத்து, ஒரு வரைபடமும் போடட்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு விகிதமுறு எண்களில் தொடங்குகிறது. பின்னத்திலும் குறிகளிலும் கை தடுமாறுகிறவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். அதனால் அவனுக்கு வேறெதுவும் செய்யாவிட்டாலும் இந்த இரண்டை மட்டும் விடாதீர்கள். அவன் எழுதியதைச் சரிபார்க்க உங்களால் முடியாத இடத்தில் மாமாவால் முடியும். பங்கில் பிழை இருந்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்துப் பயிற்சிக்கு, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி ஊரில் எழுபது வயது தாண்டியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். கேட்டதைத் தன் சொற்களில் ஒழுங்காக இரண்டு பக்கம் எழுத முடிந்தால் அவன் கட்டுரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தை நான் அதிகம் சொல்லவில்லை. முடித்த புத்தகத்தில் தினம் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்து, தெரியாத நான்கைந்து சொற்களை எழுதிக்கொண்டால் விடுமுறைக்கு அது போதும்.

டியூஷன் விஷயம். வட்டிக்கு வாங்கிச் சேர்க்காதீர்கள். விடுமுறை டியூஷன்கள் பல அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகின்றன. வாசிப்பே தட்டும் பிள்ளைக்கு அதில் ஒரு பயனும் இல்லை. பீகாரில் 2008 ஜூனில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறைப்படி அரசு ஆசிரியர்களே ஒரு மாதக் கோடை முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளின் வகுப்பைப் பார்க்காமல், அவர்களுக்கு எது தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கினார்கள். அந்த ஒரு மாதத்திலேயே வாசிப்பு முன்னேறியது. எனவே டியூஷன் எடுப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளைக்கு எது தெரியும்னு பார்த்துட்டு ஆரம்பிப்பீங்களா?" ஆமாம் என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டுகிறவர் கிடைத்து, வசதியும் இருந்தால் சேர்க்கலாம். உங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண் யாராவது இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் நோட்டைப் பார்த்துத் தர முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து என்னால் முடிவு சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு, இப்படித் தினம் கேட்டும் ஒரு மாதத்தில் எழுத்துகள் நிற்காமல், நேற்றுச் சொன்னது இன்று அறவே இல்லை என்றால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள். கரும்பலகையே சரியாகத் தெரியாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு. அதிலும் குறை இல்லையென்றால், ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வகுப்பாசிரியர் மூலமாக அவர்களிடம் காட்டலாம், கட்டணம் கிடையாது.

பள்ளி திறக்கும் முதல் நாளே இரண்டு நோட்டுகளையும் வகுப்பாசிரியர்களிடம் காட்டுங்கள். "கடன் வாங்கிக் கழிப்பது இப்போது வருகிறது, கொ, கோ வரிசை இன்னும் தட்டுகிறது" என்று ஒரு வரி சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாருக்கு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். இடையில் மகளின் வாசிப்பில் எந்த எழுத்து இடிக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதற்கேற்ற சொற்பட்டியல் நான் எழுதித் தருகிறேன்.